சக்கரம் நின்ற பிறகும் சீறிய புகைபோக்கி

நேற்று சாயங்காலம் என் சின்ன நீராவி எஞ்சின் ஒரே ஓட்டமாக 23 நிமிடம் ஓடியது. ஆறு வாரத்துக்கு முன்னால் இதே எஞ்சின் இதே தண்டவாளத்தில் 8 நிமிடத்துக்கு மேல் தாங்காது. இடையில் எதையெல்லாம் கழற்றினேன், எங்கே தப்புச் செய்தேன், எது கடைசியில் பலித்தது என்பதையெல்லாம் மறப்பதற்குள் எழுதி வைக்கிறேன்.

எஞ்சின் 45 மி.மீ. அகலத் தண்டவாளத்தில் ஓடுவது. செம்பு பாய்லர், அதன் வயிற்றுக்குள் ஒரே ஒரு சூட்டுக்குழாய், அதில் பியூட்டேன் கேஸ் பர்னர். 180 மி.லி. தண்ணீர் பிடிக்கும். இரண்டு சிலிண்டர், உள்விட்டம் 14 மி.மீ., மேலே ஸ்லைடு வால்வு, அதாவது முன்னும் பின்னும் சறுக்கி, சிலிண்டரின் இரண்டு முனைக்கும் மாறி மாறி நீராவி விடும் வால்வு. அழுத்தம் மிஞ்சினால் நீராவியை வெளியே விடும் சேஃப்டி வால்வு 3 பாரில் திறக்கும் (பார் என்பது அழுத்தத்தின் அளவு). இன்னொருவர் பல வருடம் ஓட்டிய பிறகு என் கைக்கு வந்தது.

அப்போதெல்லாம் பற்றவைத்து ஏழு நிமிடத்தில் பிரஷர் கேஜின் முள் 3 பாரைத் தொடும். சிலிண்டருக்கு நீராவி விடும் ரெகுலேட்டரைத் திறந்தால் துள்ளிக்கொண்டு கிளம்பும். இரண்டாவது சுற்றில் முள் ஒன்றரைக்கு இறங்கிவிடும். நான்கு பெட்டி கோத்தால் ஏற்றத்தில் நின்றுவிடும். முன்பக்கம் முழுக்க வெள்ளை மேகம் சூழ்ந்திருக்கும், பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் அந்த மேகம் எல்லாம் சக்கரத்தைச் சுழற்றியிருக்க வேண்டிய நீராவி.

முதல் நாள் நான் செய்தது, ஸ்பேனரை எடுத்து, மேகம் தெரிந்த இடத்தையெல்லாம் இறுக்கியது. இரண்டு பிஸ்டன் ராடு கிளாண்டு (ராடு வெளியே வரும் இடத்தில் நீராவி கசியாமல் அடைக்கும் மூட்டு), வால்வு ராடு கிளாண்டு, சிலிண்டர் மூடித் திருகுகள் எல்லாவற்றுக்கும் கால் சுற்று. மேகம் கொஞ்சமும் குறையவில்லை. சக்கரம் மட்டும் கையால் சுற்ற முடியாத அளவுக்கு இறுகிப்போனது. ஒரு திருகின் தலையும் வழுக்கியது.

வெள்ளையாகத் தெரிவது நீராவியே இல்லை, வெளியே வந்து குளிர்ந்த நீர்த்துளி. ஓட்டையை ஒட்டி வரும் நிஜமான நீராவி கண்ணுக்குத் தெரியாது, கொஞ்சம் தள்ளிப் போன பிறகுதான் வெளுக்கும். 3 பாரில் அது சுமார் 144 டிகிரி சூடு, கையை நீட்டிப் பார்க்கவும் வழியில்லை. நான் இடது கிளாண்டு என்று நினைத்து இறுக்கிய கசிவு, உண்மையில் அதற்குப் பின்னால், வால்வு உட்கார்ந்திருக்கும் நீராவிப் பெட்டியின் மூலையிலிருந்து வந்தது. சூடாக இருக்கும்போது கசிவைத் தேடுவதை அன்றோடு விட்டுவிட்டேன்.

அதற்குப் பதில் இரண்டு எண் எடுத்து வைத்தேன். 3 பார் ஏற்றி, கேஸை அணைத்து, ரெகுலேட்டர் மூடிய நிலையில் முள் 2 பாருக்கு இறங்க எத்தனை வினாடி: 75. அதையே சக்கரங்களை மரக்கட்டையால் தடுத்து, ரெகுலேட்டரைத் திறந்து வைத்து அளந்தால்: 20. முதல் எண் பாய்லர் பக்கத்துக் கசிவு, அதோடு சூடு இழப்பதும் சேர்ந்தது. இரண்டாவது எண்ணில் சிலிண்டர் பக்கமும் சேர்கிறது. நோட்டில் இந்த இரண்டும் இருந்ததால்தான் பின்னால் எந்த வேலை பலன் கொடுத்தது என்று பிரித்துச் சொல்ல முடிந்தது.

அடுத்து பாய்லரைத் தனியாகப் பிரித்தேன். சிலிண்டருக்குப் போகும் வழியை அடைத்து, சேஃப்டி வால்வைக் கழற்றி அங்கே ஒரு அடைப்பான் போட்டு, உள்ளே ஒரு குமிழ் காற்றுகூட இல்லாமல் தண்ணீர் நிரப்பி, கைப்பம்பால் 4.5 பார் ஏற்றினேன். ஓடும் அழுத்தத்தைப் போல ஒன்றரை மடங்கு. 20 நிமிடம் முள் அசையவில்லை. சில்வர் சால்டர் வைத்த மூட்டுகள் எல்லாம் காய்ந்தே இருந்தன. பாய்லரை ஒருபோதும் காற்று ஏற்றிச் சோதிக்காதீர்கள். தண்ணீர் அமுங்காது, அதனால் ஏதாவது பிளந்தாலும் ஒரு சொட்டு வழிவதோடு அழுத்தம் போய்விடும். காற்று அமுங்கிய நிலையில் பிளந்தால் துண்டு பறக்கும்.

பாய்லர் மேலே இருந்த கசிவுகள் சின்னவை. தண்ணீர் ஊற்றும் மூடியின் ஓ-ரிங் காய்ந்து, நகத்தால் கிள்ளினால் பொரிந்தது. சாதாரண நைட்ரில் ரப்பர் இந்தச் சூட்டில் கெட்டியாகிவிடும். சூடு தாங்கும் விட்டான் ரப்பர் ரிங் போட்டேன். பிரஷர் கேஜ் குழாயின் செம்பு வாஷரைச் சிவக்கக் காய்ச்சி தண்ணீரில் போட்டு, மிருதுவானதும் திரும்பவும் போட்டேன். அது போதுமாக இருந்தது. சேஃப்டி வால்வு 2 பாரிலேயே துப்பிக்கொண்டிருந்தது. கழற்றிப் பார்த்தால் குண்டு உட்காரும் விளிம்பில் வெள்ளைச் சுண்ணாம்புப் படிவு. சிட்ரிக் அமிலக் கரைசலில் ஊறவைத்துத் துடைத்ததும் சரியானது. அதன் ஸ்பிரிங்கை இறுக்கினாலும் துப்புவது நிற்கும்தான், ஆனால் திறக்க வேண்டிய அழுத்தமும் ஏறிவிடும். அந்த நட்டை நான் தொடவே இல்லை.

இவ்வளவில் முதல் எண் 75 வினாடியிலிருந்து 3 நிமிடம் 40 வினாடிக்குப் போனது. இரண்டாவது எண் 20 வினாடியிலிருந்து 26. பெரிய திருட்டு சிலிண்டர் பக்கம்தான் என்று அப்போது தெரிந்துவிட்டது.

சிலிண்டர் பக்கத்தைக் குளிர்ந்த நிலையில், காற்றால் சோதித்தேன். ரெகுலேட்டருக்குப் பின்னால் நீராவிக் குழாயின் முனையில் சைக்கிள் டியூப் வால்வு ஒன்றைப் பித்தளைத் துண்டில் சால்டர் வைத்துப் பொருத்தினேன். லேத்தில் அரை மணி நேர வேலை. இந்த ஆறு வாரத்தில் நான் செய்ததில் மிகப் பயனுள்ள பொருள் இதுதான். சைக்கிள் பம்பில் 1 பார் போதும். பாத்திரம் கழுவும் சோப்பைத் தண்ணீரில் கரைத்து, இரண்டு சொட்டு கிளிசரின் விட்டு, மெல்லிய பெயின்ட் பிரஷால் ஒவ்வொரு மூட்டிலும் தடவினேன். ஐந்தே நிமிடத்தில் நான்கு இடம் தெரிந்தது: புகைபோக்கிக்குக் கீழே புகைப்பெட்டிக்குள் இருக்கும், குழாயை இணைக்கும் யூனியன் நட்டு, இடது பிஸ்டன் கிளாண்டு, இடது நீராவிப் பெட்டி மூடியின் பின்மூலை, வலது பெட்டியின் ஒரு திருகு.

யூனியனில் தொடங்கினேன். 3 மி.மீ. செம்புக் குழாய், அதன் முனையில் கூம்பு நிப்பிள், நட்டு அதை அழுத்திப் பிடிக்கும். ஏற்கனவே யாரோ இதை இறுக்கி இறுக்கி நட்டின் ஆறு மூலையும் மழுங்கியிருந்தது. நட்டைக் கழற்றியவுடன் குழாய் ‘டங்’ என்று 3 மி.மீ. பக்கவாட்டில் விலகியது. அங்கேதான் கோளாறு. குழாயே கோணலாக இருந்தால் கூம்பு ஒரு பக்கமாகத்தான் உட்காரும், எவ்வளவு இறுக்கினாலும் மறுபக்கம் பிறை வடிவில் இடைவெளி விடும். குழாயைச் சிவக்கக் காய்ச்சி ஆறவிட்டு, நட்டு இல்லாமலே நிப்பிள் தானாகக் குழியில் போய் உட்காரும் வரை விரலால் வளைத்தேன். கூம்பில் இருந்த கோட்டை 1000 நம்பர் வாட்டர் பேப்பரால் லேத்தில் சுழற்றி எடுத்தேன். புது நட்டு ஒன்று கடைந்தேன். விரலால் இறுக்கி அதற்கு மேல் கால் சுற்று, அவ்வளவுதான். சோப்பு நுரை அசையவில்லை. பர்னரும் அதற்குப் பிறகு சீராக எரிந்தது, முன்பு புகைப்பெட்டிக்குள் நீராவி சீறியபோதெல்லாம் சுடர் படபடக்கும்.

கிளாண்டில் ராடைச் சுற்றித் திணித்திருந்த பழைய பேக்கிங் கருப்புக் கல்லாக இருந்தது. தையல் ஊசியின் முனையை வளைத்துக் கொக்கியாக்கி, துணுக்குத் துணுக்காகச் சுரண்டி எடுக்க ஒரு மணி நேரம். ராடில் கீறல் விழாமல் செய்ய வேண்டியிருந்ததால் அவசரப்பட முடியவில்லை. புதிதாக கிராஃபைட் நூலை வளைய வளையமாக மூன்று சுற்று வைத்தேன், ஒவ்வொரு வளையத்தின் முனையும் ஒரே இடத்தில் சேராதபடி திருப்பி. நட்டைக் கையால் மட்டும் திருகினேன். சூடாக ஓடிய பிறகு சொட்டினால் அப்போது எட்டில் ஒரு பங்கு சுற்று. முதல் நாள் நான் கொடுத்த கால் சுற்றுகளுக்கு இந்தச் சின்ன ராடு தாங்காது, பிரேக் போட்டதுபோல் பிடித்துக்கொள்ளும்.

நீராவிப் பெட்டி மூடியில்தான் இரண்டாவது பெரிய தப்பு. மூடிக்கு அடியில் கசிவை அடைக்க வைத்திருந்த பழைய காகித கேஸ்கெட் கிழிந்து வந்தது. கேஸ்கெட் காகிதம் கைவசம் இல்லாததால், சூடு தாங்கும் சிலிகான் பசையை மட்டும் தடவி மூடினேன். கொஞ்சம் தாராளமாகவே தடவிவிட்டேன். சோப்புச் சோதனையில் ஒரு குமிழ்கூட இல்லை, மகிழ்ச்சியாக நீராவி ஏற்றினேன். எஞ்சின் நொண்டியது. இடது சிலிண்டர் ஒரு பக்கம் மட்டும்தான் தள்ளியது. திறந்து பார்த்தால், பிதுங்கிய பசை நூல்போல உள்ளே தொங்கி, 1.5 மி.மீ. அகலம்கூட இல்லாத நீராவித் துவாரத்தில் போய் அடைத்திருந்தது. அதை இடுக்கியால் இழுத்தபோது பாதி அறுந்து உள்ளே தங்கிவிட்டது. பின்மூடியைக் கழற்றி, மெல்லிய கம்பியால் எதிர்ப்பக்கமிருந்து தள்ளித்தான் வெளியே எடுத்தேன். ஒரு மாலைப்பொழுது முழுக்கப் போனது.

அதற்கப்புறம் 0.25 மி.மீ. கேஸ்கெட் காகிதம் வாங்கி வந்து, மூடியையே அச்சாக வைத்து வெட்டினேன். திருகு ஓட்டைகளைக் கத்தியால் வெட்டினால் காகிதம் பிசிறும். பித்தளைக் குழாயின் முனையைக் கூராக்கி, மரப்பலகை மேல் வைத்து ஒரு தட்டுத் தட்டினால் வட்டமாக விழும். முதல் இரண்டு கேஸ்கெட் வீண், மூன்றாவது நன்றாக வந்தது. நீராவி எண்ணெயில் ஊறவைத்து, பசை எதுவும் இல்லாமல் போட்டு, திருகுகளை எதிரெதிர் மூலையாகச் சிறிது சிறிதாக இறுக்கினேன். மறுநாள் ஒரு முறை சூடாக்கி ஆறவிட்டு மறுபடி இறுக்க வேண்டியிருந்தது, காகிதம் அமுங்கிக் கொடுத்திருந்தது.

இப்போது வெளியே எங்கும் குமிழ் இல்லை. இரண்டாவது எண் 41 வினாடி. முன்னேற்றம்தான், ஆனால் இன்னும் எங்கோ போகிறது. எஞ்சின் அசையாமல் நிற்கும்போதும் புகைபோக்கியிலிருந்து விடாமல் ஒரு ‘ஸ்ஸ்ஸ்’. வேலை செய்யும் எஞ்சின் விட்டுவிட்டு மூச்சு விட வேண்டும், இப்படி இடைவிடாமல் சீறக் கூடாது. உள்ளே வால்வோ பிஸ்டனோ நீராவியை நேரே வெளியேறும் வழிக்கு விடுகிறது.

எது என்று பிரிக்க ஒரு வழி இருக்கிறது. ஒரு பக்கத்துச் சிலிண்டருக்குப் போகும் குழாயின் மூட்டில் மெல்லிய பித்தளைத் தகடு வைத்து அடைத்துவிட்டு, மறுபக்கத்தை மட்டும் பார்க்க வேண்டும். சக்கரத்தைத் திருப்பி வால்வைச் சரியாக நடுவில் நிறுத்தினால் அது இரண்டு துவாரத்தையும் மூடியிருக்கும், அப்போது வெளியேறும் குழாயில் எதுவும் வரக் கூடாது. வந்தால் வால்வு ஒழுகுகிறது. அடுத்து வால்வை ஒரு ஓரத்துக்கு நகர்த்தி ஒரு முனைக்கு மட்டும் காற்று விட்டால், மறுமுனையின் வழியாக வருவது பிஸ்டனைத் தாண்டி வருவது. நான் வெளியேறும் குழாயில் ரப்பர் டியூப் மாட்டி அதன் நுனியை ஒரு தண்ணீர்க் கிளாசுக்குள் விட்டேன். கசிவு கண்ணுக்கு முன்னால் குமிழாக வந்தது, எண்ணவும் முடிந்தது. வலது வால்வு நடுவில் இருக்கும்போது நிமிடத்துக்கு 9 குமிழ். இடது வால்வில் எண்ணவே முடியவில்லை, கிளாஸ் கொதிப்பதுபோல் இருந்தது.

வால்வின் அடிமுகத்தைத் தேய்த்துச் சமதளமாக்க வேண்டும் என்று முடிவு செய்தேன். தடித்த கண்ணாடியின் மேல் 600 நம்பர் வாட்டர் பேப்பர், எண்ணெய், வால்வை ஒரு விரல் நுனியால் பிடித்து எட்டுப் போடுவதுபோல் நகர்த்தினேன். மார்க்கர் பேனாவால் முகத்தில் கோடு போட்டுக்கொண்டால் எங்கே படுகிறது, எங்கே படவில்லை என்பது தெரியும். நடுவில் பள்ளம் இருந்தது, நாற்பது நிமிடத்தில் மறைந்தது. பிறகு 1000, 2000. சிலிண்டர் மேலிருந்த முகத்தையும் சின்னக் கண்ணாடித் துண்டில் தாள் ஒட்டி அதேபோல் தேய்த்தேன். மண்ணெண்ணெயும் பல் துலக்கும் பிரஷும் வைத்து ஒரு துகள் இல்லாமல் கழுவினேன், கன்மெட்டல் என்ற வெண்கலத்தில் துகள் பதிந்தால் அது தானே தேய்த்துக்கொண்டே இருக்கும். இரண்டு முகமும் கண்ணாடிபோல் மின்னின. மாட்டிச் சோதித்தால் குமிழ் முன்னைவிட அதிகம்.

அன்றைக்கு விளக்கை அணைத்துவிட்டுப் போய்விட்டேன். மறுநாள் காலை மூடியைத் திறந்து வைத்து, ராடு மாட்டியபடியே வால்வைத் தீக்குச்சியால் மெல்ல அழுத்திப் பார்த்தேன். ‘டிக்’ என்று ஒரு சத்தம். அதாவது அழுத்துவதற்கு முன் அது முகத்தில் உட்கார்ந்திருக்கவில்லை. இடைவெளி அளக்கும் 0.05 மி.மீ. ஃபீலர் கேஜ் தகடு முன்விளிம்பின் கீழே தடையில்லாமல் நுழைந்தது.

ஸ்லைடு வால்வு ராடோடு இறுக்கமாகப் பிணைந்திருக்கக் கூடாது. ராடு அதை முன்னும் பின்னும் மட்டும் தள்ள வேண்டும், மேலும் கீழும் அது சுதந்திரமாக இருக்க வேண்டும். அப்போதுதான் பெட்டிக்குள் இருக்கும் நீராவியே அதன் முதுகை அழுத்தி முகத்தோடு ஒட்டவைக்கும். என் வால்வின் முதுகில் ராடு போகும் பள்ளம் போதுமான ஆழம் இல்லை. பள்ளத்தின் அடி ராடின் மேல் உட்கார்ந்து, வால்வையே தூக்கிப் பிடித்திருந்தது. நான் முகத்தைத் தேய்க்கத் தேய்க்க முகம் கீழே போனது, ராடு அதே உயரத்தில் இருந்தது. ஆக நாற்பது நிமிடத் தேய்ப்பு இடைவெளியைத்தான் கூட்டியிருக்கிறது. தேய்த்ததும் தேவைப்பட்ட வேலைதான், ஆனால் இதைப் பார்த்த பிறகு செய்திருக்க வேண்டும்.

பள்ளத்தை ஊசி அரத்தால் 0.3 மி.மீ. ஆழப்படுத்தினேன். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. தீக்குச்சியால் அழுத்தினால் சத்தம் இல்லை, எஞ்சினைக் கொஞ்சம் ஆட்டினால் வால்வு தன் இடத்தில் லேசாகக் குலுங்கியது. ஒரு சொட்டு எண்ணெய் விட்டு மூடி, பம்ப் அடித்தேன். கிளாசில் முதலில் நான்கைந்து குமிழ், அப்புறம் தண்ணீர் அசையாமல் நின்றது. அந்தத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன்.

மிச்சம் பிஸ்டன். மறுமுனையில் வந்த குமிழ்கள் இடதில் நிமிடத்துக்கு முப்பதுக்கு மேல். பிஸ்டனில் இருந்ததும் கிராஃபைட் நூல்தான், தேய்ந்து பள்ளத்துக்குள் ஒடுங்கியிருந்தது. பெரிய எஞ்சின்களிலும் பழைய காலத்தில் பிஸ்டனைச் சுற்றிச் சணல் திணித்திருந்தார்கள். வெட்டு விட்ட உலோக வளையத்தை 1852இல் ஜான் ராம்ஸ்பாட்டம் கொண்டுவந்தார். 14 மி.மீ. பிஸ்டனுக்கு அவ்வளவு மெல்லிய வளையம் கடைய என்னால் ஆகாது. விட்டான் ஓ-ரிங் போடலாம் என்று முடிவு செய்தேன், உள்விட்டம் 10, தடிமன் 2 மி.மீ.

பழைய பள்ளத்தின் அடிவிட்டம் 10.6 மி.மீ. அப்படியே போட்டால் சுவருக்கும் பள்ளத்துக்கும் இடையே 1.7 மி.மீ. தான் கிடைக்கும், 2 மி.மீ. ரிங்கை 15 சதவீதம் நசுக்கும். தெரிந்தும் ஒரு தடவை போட்டுப் பார்த்தேன். 3 பாரில்கூட எஞ்சின் தானாகக் கிளம்பவில்லை, தள்ளிவிட வேண்டியிருந்தது. லேத்தில் அடிவிட்டத்தை 10.2 ஆக்கினேன், இடைவெளி 1.9 மி.மீ., நசுங்கல் 5 சதவீதம். பள்ளத்தின் அகலம் 2.6 மி.மீ. விட்டேன், சூட்டில் ரப்பர் உலோகத்தைவிடப் பல மடங்கு விரியும், விரிய இடம் வேண்டும். மாட்டும்போது சிலிண்டர் வாயின் கூர்விளிம்பு ரிங்கை ஒரு பக்கம் சீவிவிட்டது. விளிம்பை லேசாகச் சரித்துத் தேய்த்துவிட்டு, எண்ணெய் தடவி, இன்னொரு ரிங் போட்டேன். இதற்குப் பிறகு சக்கரம் விரலால் வழுவழுவென்று சுற்றியது, குமிழ் நிமிடத்துக்கு இரண்டோ மூன்றோ. வலது பக்கத்துக்கும் அதே அளவு.

சிலிண்டருக்கு எண்ணெய் விடும் லூப்ரிகேட்டரைச் சுத்தமாகக் கழுவி, 460 கிரேடு நீராவி எண்ணெய் நிரப்பினேன். சாதாரண இயந்திர எண்ணெய் இங்கே நிற்காது, நீராவி அதைக் கழுவிக்கொண்டு போய்விடும். முதல் மூன்று ஓட்டம் சுமை இல்லாமல், 2 பாரில். நான்காவதாக நேற்று பெட்டிகளோடு 3 பாரில் விட்டேன். சக்கரத்தைத் தடுத்து எடுத்த அந்த இரண்டாவது எண் இப்போது 1 நிமிடம் 50 வினாடி. புகைபோக்கி ஓடும்போது விட்டுவிட்டுத் தும்முகிறது, நிறுத்தினால் அமைதியாகிறது.

ஆன செலவைப் பணமாகப் பார்த்தால் பெரிதில்லை: விட்டான் ரிங் ஆறு, அதில் மூன்று வீண், ஒரு தாள் கேஸ்கெட் காகிதம், ஒரு முழம் கிராஃபைட் நூல், இரண்டு திருகு, ஒரு துண்டு பித்தளை. நேரம்தான் செலவு, நோட்டில் கூட்டிப் பார்த்தால் 31 மணி நேரம். காற்று அடிக்கும் அடாப்டரை முதல் நாளே கடைந்திருந்தால் இதில் பாதி மிச்சம். அடுத்த எஞ்சினில் ஸ்பேனரைத் தொடுவதற்கு முன் அந்த அடாப்டர், தண்ணீர்க் கிளாஸ், இரண்டு எண் என்று தொடங்குவேன். நீராவிப் பெட்டியைத் திறந்தால் முதல் வேலை தீக்குச்சியால் வால்வை அழுத்திப் பார்ப்பது. சிலிகான் பசை நீராவி போகும் பாதையின் பக்கமே வராது.

இடது பிஸ்டன் கிளாண்டில் குளிர்ந்த நிலையில் கிளம்பும்போது இன்னும் ஒரு சொட்டு தொங்குகிறது. இரண்டாவது சுற்றுக்குள் சூடேறி நின்றுவிடுகிறது. ராடு நனைந்து வழுக்கலாக ஓடுவதால் அதை அப்படியே விட்டிருக்கிறேன்.